மன்றத்துக்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகள்: உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தோற்றம் குறித்து

1964 சனவரி 7 அன்று புது தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அதற்கெனத் தனி மாநாடு எதுவும் கூட்டப்படவில்லை. கீழ்த்திசையியல் அறிஞர்களின் 26ஆம் பன்னாட்டுப் பேரவை அப்போது அங்கு நடைபெற்றுக்கொண்டிருந்தது. அதற்கு வந்திருந்தோருள் தமிழாய்வில் ஈடுபாடுடையோரைத் தனிநாயக அடிகளும் வ. அய். சுப்பிரமணியமும் தனியே அழைத்துக் கூட்டினர். பிறர் கூட்டிய அவையில் ஓர் அமர்வளவே இடம்பெற்ற இச்சந்திப்பு, அந்த ஒரு நாளின் வினையாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அழைப்பை ஏற்று வரத்தக்க அறிஞர் வட்டம் எவ்வாறு உருவாயிற்று என்பதே இங்கு எழும் வினா.

1952இல் அடிகளை ஆசிரியராகக் கொண்டு 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ் தொடங்கப்பெற்றது. தமிழுக்கான இதழ் ஆங்கிலத்தில் வருவது பற்றாளர் பலர்க்கு உவப்பாக இருந்திராது. ஆயினும் இந்தியவியல் என்றாலே சமற்கிருதத்தை மையமாகக் கொண்ட மேலைப் பல்கலைக்கழகங்களைச் சென்றடைய அன்று வேறு வாயில் இல்லை. அவ்விதழில் கட்டுரை எழுதிய பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா மன்றத்தின் முதல் தலைவரானார்; அதில் எழுதிய செக் அறிஞர் கமில் சுவலபில், அடிகளுடன் இணைந்து பொதுச்செயலாளரானார். மன்றத்துக்கான விளம்பரம் என்று எதையேனும் சுட்டவேண்டுமாயின், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே தொடங்கிய இவ்விதழையே சுட்டவேண்டும்.

முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் அடிகள் 1961 முதல் பணியாற்றியமை இதற்கு உடனடிக் காரணம். அத்துறையில் தமிழ் முதன்மை பெற்றதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1950களில் அங்குச் சமற்கிருதத்துக்கே முதலிடம் தரப் பரிந்துரைக்கப்பட்டபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதனை எதிர்த்து இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு எளிய மக்களும் பொருள் ஈந்தனர். ஆய்வரங்கின் வரலாற்றை எழுதுவோர் அறிஞர் பெயர்களோடு நின்றுவிடுகின்றனர். இக்கொடையாளரையும் அதனுள் சேர்ப்பதே முறை.

1968 சனவரியில் சென்னையில் கூடிய இரண்டாம் மாநாட்டை அரசு பெருவிழாவாக்கியது. மெரினா கடற்கரையில் அப்போது நிறுவப்பட்ட 10 சிலைகளைச் சென்னைவாசிகள் அனைவரும் அறிவர். அவ்வாண்டின் ஆய்வுரைகளுள் ஒன்றையேனும் பெயர் சுட்டிக் கூறவல்லார் மிகச் சிலர். மூன்றாம் மாநாட்டுக்கு 1970இல் பாரிசு நகரம் களமாயிற்று.