குளிருக்கு வந்த கூலன்ட் கோடைக்கு உதவிய கதை

சம்மர் வருதுன்னு காரை சர்வீஸுக்கு விட்டா மெக்கானிக் முதல்ல பார்க்கிறது கூலன்ட். இந்தப் பச்சைத் தண்ணிக்குப் பின்னால ஒரு சரித்திரமே இருக்கு மக்களே!

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில், முதலில் செய்த கொஞ்ச வண்டிகளைத் தவிர, வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறிக் கீழே இறங்கும். அவ்வளவுதான் டெக்னாலஜி. மேட்டில் ஏறினால் கொதித்துவிடும், இறங்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

குளிர் நாடுகளில் இன்னொரு தலைவலி. தண்ணீர் உறைந்து விரிந்தால் எஞ்சின் பிளாக்கே பிளந்துவிடும். அதனால் மெத்தனால் கலந்தார்கள். அதுவோ சுமார் 65 டிகிரியிலேயே கொதிக்கும் சமாச்சாரம். வெயில் வந்ததும் அதை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் நிரப்புவதுதான் அவர்களுடைய கோடை சர்வீஸ்.

1927-ல் அமெரிக்காவில் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் விற்பனைக்கு வந்தது. வுர்ட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1850-களிலேயே தயாரித்த பொருள்தான். (எழுபது வருஷம் சரியான கஸ்டமர் கிடைக்காத சரக்கு என்று எங்கள் காமர்ஸ் பாஷையில் சொல்லலாம்!) இதன் கொதிநிலை சுமார் 197 டிகிரி. உறையாமல் இருக்க வாங்கியது, கொதிக்காமலும் காப்பாற்றியது.

அப்புறம் பிரஷர் மூடி வந்தது. குக்கர் மாதிரிதான், அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். உள்ளே 100 டிகிரிக்கு மேலேயும் திரவமாகவே நிற்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். எஞ்சின் நன்றாக ஆறின பிறகே கை வையுங்க.