அண்மையில் இருந்தும் புலப்படாதவை: மங்கிய விண்மீன்களின் தொலைவு அளப்பு

சூரியனிலிருந்து 10 பார்செக், அதாவது 32.6 ஒளியாண்டுத் தொலைவுக்குள் இருக்கும் விண்மீன்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு செங்குறுமீன்கள். அவை வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பொலிவைக் கொண்டு அண்மையை ஊகிக்க முடியாததால் இத்துறையில் இரு பணிகள் எழுகின்றன: அருகில் இருக்கக்கூடிய விண்மீனைக் கண்டெடுப்பது, பிறகு அதன் தொலைவை நிறுவுவது. இவ்விரண்டில் கண்டெடுப்பதே கடினமானது என்பதை இத்துறையின் வரலாறு காட்டுகிறது.

அளக்கும் முறை எளிய வடிவியலைச் சார்ந்தது. புவி சூரியனைச் சுற்றுவதால், அருகிலுள்ள விண்மீன் தொலைதூர விண்மீன்களின் பின்னணியில் ஆண்டுதோறும் ஒரு சிறு நீள்வட்டம் வரைவதாகத் தோன்றும். அந்நீள்வட்டத்தின் அரைப் பேரச்சே இடமாறு கோணம். கோணம் 1 வில்நொடி என்றால் தொலைவு 1 பார்செக். பாதியானால் தொலைவு இருமடங்கு. விண்மீனின் சொந்த இயக்கமும் இதனுடன் கலந்திருப்பதால், ஓராண்டுக்கும் மேலாகப் பலமுறை நோக்கியே இரண்டையும் பிரிக்க வேண்டும்.

சொந்த இயக்கம் தேடலுக்கும் உதவும். வானில் விரைந்து நகரும் விண்மீன் அருகில் இருக்க வாய்ப்பு மிகுதி. சென்னை வானாய்வகத்தின் டி. ஜி. டெய்லர் 1844இல் 11,015 விண்மீன்களின் அட்டவணையை வெளியிட்டார். மிகுந்த சொந்த இயக்கம் உடையவை எனக் கருதப்பட்ட 317 விண்மீன்களை அதே வானாய்வகத்தின் டபிள்யூ. எஸ். ஜேக்கப் 1853 முதல் 1857 வரை மீண்டும் நோக்கினார். வழி சரியானதே. ஆனால் அட்டவணையில் ஏறாத மங்கிய விண்மீன் இத்தேடலுக்குள் வரவே வராது.

அதற்குப் பிராக்ஸிமா சென்டாரி சான்று. நன்னம்பிக்கை முனையில் தாமஸ் ஹென்டர்சன் செய்த நோக்கல்களால் ஆல்ஃபா சென்டாரியின் தொலைவு 1839இல் வெளியாயிற்று. அதைவிடவும் அருகில், 4.24 ஒளியாண்டில், 11ஆம் பொலிவெண்ணுடன் உள்ள பிராக்ஸிமாவோ மேலும் 76 ஆண்டுகள் அறியப்படாமலே கிடந்தது. ஒளிப்படத் தட்டுகளை ஒப்பிட்டு 1915இல் அதைக் கண்டவர் ஜோகன்னஸ்பர்க்கின் ராபர்ட் இன்னஸ். ஜாவாவில் பிறந்த யோன் வூட் தென்னாப்பிரிக்காவில் அதை அளந்து, ஏறத்தாழ ஆல்ஃபா சென்டாரியின் தொலைவிலேயே இருப்பதாக 1917இல் காட்டினார். கண்டபின் அளக்க ஈராண்டே போதுமாயிற்று. வூட் பின்னர் ஜாவாவின் லெம்பாங்கில் போஸ்கா வானாய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

நோக்கும் இடத்தின் அகலக்கோடும் முக்கியம். தொடுவானத்தை நெருங்க நெருங்கக் காற்றடுக்கின் கலக்கம் கூடி அளவு பிழைபடும். ஏறத்தாழ 3.4 பாகை வட அகலக்கோட்டிலுள்ள மலேசியாவின் புக்கிட் பெருந்துங் வானில், 6 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பர்னார்டு விண்மீன் உச்சியை ஒட்டிக் கடக்கிறது. பிராக்ஸிமா 24 பாகை உயரமே எழும். சென்னையில் அது 14 பாகையைத் தாண்டாது. லெம்பாங்கில் 34 பாகையை எட்டும். தென்வானின் அண்மை விண்மீன்களுக்கு ஜாவா ஏற்ற இடமானது இதனால்தான்.

விண்கலங்கள் காற்றின் தடையை நீக்கின. கையா விண்கலத்தின் 2022ஆம் ஆண்டுத் தொகுப்பு 146 கோடிக்கும் மேற்பட்ட விண்பொருள்களின் இடமாறு கோணத்தைத் தந்தது. எனினும் கட்புலன் ஒளியைச் சார்ந்த கையாவுக்கு மிகக் குளிர்ந்த பழுப்புக் குறுமீன்கள் எட்டவில்லை. வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்புப் படங்களில் கெவின் லூமன் 2013இல் கண்ட இரட்டைப் பழுப்புக் குறுமீன் 6.5 ஒளியாண்டில் உள்ளது. சூரியனுக்கு மூன்றாவது அருகிலுள்ள தொகுதி அதுவே. எனவே அண்மை விண்மீன்களின் பட்டியல் இன்னும் முற்றுப்பெற்றதாகக் கொள்வதற்கில்லை. எந்த அலைநீளத்தில் தேடப்பட்டது என்பதே அதன் எல்லையை வகுக்கிறது.