தீங்கற்ற வாயு

1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அட்லாண்டா நகரில் கூடிய அமெரிக்க வேதியியல் கழகத்தாரின் முன்னிலையில் தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியியலாளர் ஒரு வாயுவை நெஞ்சு நிறைய உள்ளிழுத்தார். பின்னர் அதை மெல்ல ஊதி, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சும் அன்று, தீப்பற்றுவதும் அன்று என்பதை ஒரே மூச்சில் நிரூபித்துவிட்டார். அதுவரை குளிர்பதனப் பெட்டிகளில் ஓடியவை அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெதைல் குளோரைடு போன்றவை. கசிந்தால் உயிருக்கு ஆபத்து. அந்த அச்சத்தைப் போக்கிய குளோரோஃப்ளூரோகார்பன் 'ஃப்ரியான்' என்ற வணிகப் பெயரோடு வீடுகளுக்குள் நுழைந்தது. எதனோடும் எளிதில் வினைபுரியாமையே அதன் பெருமை. பிற்பாடு நேர்ந்த கேடு முழுவதும் அந்தப் பெருமையிலிருந்தே பிறந்தது. (ஈயம் கலந்த பெட்ரோலை உலகுக்கு அளித்தவரும் இதே மிட்ஜ்லிதான்.)

1971இல் ஷாக்கிள்டன் என்னும் ஆய்வுக் கப்பலில் அண்டார்டிகா நோக்கிப் பயணமான ஜேம்ஸ் லவ்லாக், தாமே உருவாக்கிய நுண்ணுணர் கருவியால் கடற்காற்றைச் சோதித்தார். லட்சம் கோடிப் பங்கில் ஏறத்தாழ ஐம்பது பங்கு என்ற அளவில், ஆளரவமற்ற பெருங்கடலின் மேலும் அவ்வாயு இருந்தது. 1973இல் வெளியான கட்டுரையில், இதனால் நினைத்துப் பார்க்கத்தக்க தீங்கு எதுவும் இல்லை என்று எழுதினார். அவ்வாறு எழுதியதற்காகப் பின்னாளில் வருந்தினார்.

கலிபோர்னியாவின் ஷெர்வுட் ரோலண்டு இந்த அளவீட்டைக் கேள்வியுற்று, மிக எளிய வினா ஒன்றை எழுப்பினார்: அழியாத இந்த வாயு இறுதியில் எங்கே போகிறது? அவரும் மெக்சிகோவில் பிறந்த இளைஞர் மரியோ மொலினாவும் விடை தேடினர். மழை அதைக் கரைக்காது; தரையை எட்டும் வெயில் அதை உடைக்காது. ஆகவே பல்லாண்டுகள் மிதந்து மிதந்து மேலே ஏறும். அங்கே ஓசோன் படலம் நமக்காகத் தடுத்து நிறுத்தும் அதே புற ஊதாக் கதிர் அதைத் தாக்க, குளோரின் அணு விடுபடும். அவ்வணு ஓசோனின் மூன்று ஆக்சிஜன்களில் ஒன்றைப் பறித்துக் குளோரின் மோனாக்சைடாகும். தனித்த ஆக்சிஜன் அணு ஒன்று எதிர்ப்பட்டதும், பறித்ததை அதனிடம் விட்டுவிட்டு மீண்டும் வேட்டைக்குக் கிளம்பும். ஓர் அணு இவ்வாறு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கக்கூடும். 1974 ஜூனில் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. வெறும் கருதுகோள் என்று உற்பத்தியாளர்கள் ஒதுக்கினர்.

கணக்குகள் கூறியதெல்லாம் மெதுவான, சிறிய இழப்பையே. அண்டார்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்திலோ, 1920களில் வடிவமைக்கப்பட்ட டாப்சன் நிறமாலைமானி வேறொன்றைச் சொன்னது. முன்பு 300 டாப்சன் அலகை ஒட்டியிருந்த அக்டோபர் மாத ஓசோன் 1984இல் 200க்கும் கீழே இறங்கியிருந்தது. ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் 1985 மே மாதம் இதை அறிவித்தனர். நாசாவின் செயற்கைக்கோள் அந்தத் தாழ்ந்த எண்களைக் குப்பையில் போட்டது என்றொரு கதை உண்டு. அது முழு உண்மையன்று; 180க்குக் கீழ்ப்பட்டவை ஐயத்துக்குரியவை என்று குறியிடப்பட்டன, அழிக்கப்படவில்லை. ஆயினும் முதலில் உரக்கச் சொன்னவர்கள் பழங்கருவிக்காரர்களே.

ஏன் அண்டார்டிகா? ஏன் வசந்தத்தில்? 1986இல் சூசன் சாலமனும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த விளக்கம், என் பார்வையில், இவ்வரலாற்றின் மிக அழகிய பகுதி. வளிமண்டலக் குளோரினின் பெரும்பகுதி ஹைட்ரஜன் குளோரைடு, குளோரின் நைட்ரேட் என்ற இரு சேர்மங்களுக்குள் உறங்கிக் கிடக்கிறது. துருவத்தின் நெடிய இரவில் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போகும்போது, அந்த உயரத்திலும் மேகங்கள் உருவாகின்றன. அவற்றின் துகள்களின் மேல் அவ்விரண்டும் சந்தித்துக் குளோரின் வாயுவை வெளிவிடுகின்றன. வசந்தத்தின் முதல் சூரியன் அதைப் பிளக்கிறது, வேட்டை தொடங்குகிறது. வாயுவும் வாயுவும் மோதுவதை மட்டுமே கணக்கிட்டவர்கள், துகளின் மேற்பரப்பைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

1987 ஆகஸ்ட், செப்டம்பரில் சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து பறந்த ஆய்வு விமானம் துளைக்குள்ளேயே சென்று அளந்தது. குளோரின் மோனாக்சைடு ஏறிய இடத்திலெல்லாம் ஓசோன் சரிந்திருந்தது. அம்முடிவுகள் அறிவிக்கப்படும் முன்பே, செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. ஐயம் முற்றும் தீரும்வரை உலகம் காத்திருக்கவில்லை என்பதை நான் இன்றும் வியப்போடுதான் எண்ணிப் பார்க்கிறேன். மொலினா, ரோலண்டு, பால் க்ருட்சன் மூவருக்கும் 1995இல் நோபல் பரிசு கிடைத்தது.

அண்டார்டிகாவின் ஓசோன் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 2066 ஆகும் என்று 2022இன் சர்வதேச மதிப்பீடு கணித்தது. மிட்ஜ்லி ஊதிய வாயு, சி.எஃப்.சி. 12 எனப்படுவது. அதன் சராசரி ஆயுள் ஏறக்குறைய நூறாண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், அட்லாண்டாவில் மெழுகுவர்த்தியை அணைத்த அந்த மூச்சில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இன்னும் வளிமண்டலத்தில் உலவிக்கொண்டிருக்க வேண்டும்.