பளுப்பயிற்சியில் தசைக் காயமும் அதன் பின் ஏற்படும் வலிமைக் குறைவும்

பளு தூக்கிப் பயிற்சி செய்யும்போது தசை இழைகள் அளவுக்கு மீறி இழுக்கப்பட்டுக் கிழிவதுண்டு. காயமடைந்த தசையின் வலிமை குறைவது இயல்பே. பெரும்பாலோருக்கு உரிய ஓய்வாலும் படிப்படியான பயிற்சியாலும் வலிமை மீண்டும் திரும்பும். ஆயினும், வலி தணிவதும் வலிமை திரும்புவதும் ஒன்றல்ல. வலி நீங்கிய பின்னரும் வலிமை குறைந்தே இருப்பின், தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாண் முற்றிலும் அறுந்திருக்கக்கூடும். அந்நிலையில் காலத்தாழ்வின்றி மருத்துவரை அணுகுவது இன்றியமையாதது.

வலிமை ஏன் குறைகிறது?

இதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உள்ளன.

• இழைகளின் சேதம்: கிழிந்த இழைகளால் விசையைக் கடத்த இயலாது.
• வலியால் ஏற்படும் தடை: வலி உள்ள தசையை நரம்பு மண்டலம் முழுமையாக இயக்குவதில்லை. இது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. உங்கள் முயற்சிக் குறைவு அன்று.
• பயன்படுத்தாமை: ஓரிரு வாரங்கள் அசைக்காமல் வைத்திருந்தாலே தசையின் பருமனும் வலிமையும் குறையத் தொடங்கும். எனவே தேவைக்கு மேற்பட்ட ஓய்வும் தீங்கு தரும்.

உடற்பயிற்சிக்குப் பிந்தைய வலியா, காயமா?

பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் மறுநாள் தோன்றும் வலி, 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் நீங்கும். பெரும்பாலும் இது இரு பக்கத் தசைகளிலும் பரவலாக இருக்கும். இதனால் ஏற்படும் வலிமைக் குறைவு தற்காலிகமானது.

காயத்தின் வலியோ பயிற்சியின் நடுவே, திடீரென, ஓர் இடத்தில் தோன்றும். வீக்கமும் இரத்தக்கட்டும் தொடரலாம். இழைகள் சிறிதளவே கிழிந்திருந்தால் சில நாள்கள் முதல் மூன்று வாரங்களுக்குள் குணமாகும். பகுதியளவு கிழிந்திருந்தால் பல வாரங்கள் ஆகலாம். முற்றிலும் அறுந்திருந்தால் மீள்வதற்குப் பல மாதங்கள் தேவைப்படும்.

கவனிக்கத் தவறும் முழு முறிவு

தசைநாண் அறுந்த சிலருக்குச் சில நாள்களிலேயே வலி குறைந்துவிடும். அதனால் 'சுளுக்குதான், சரியாகிவிடும்' என்று காத்திருப்பர். பளுப்பயிற்சியில் இவ்வாறு பெரிதும் பாதிக்கப்படும் இடங்கள் இரண்டு.

• முழங்கையின் முன்புறம்: டெட்லிஃப்ட் போன்ற பயிற்சியில் பைசெப்ஸ் தசைநாண் 'டப்' என்ற ஓசையுடன் அறுபடலாம். தசை மேல்நோக்கிச் சுருண்டு திரளும். வேறு தசைகளின் உதவியால் முழங்கையை மடக்க முடியும் என்பதால் காயம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் திருகாணியை முடுக்கும்போதும் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும்போதும் வலிமைக் குறைவு தெளிவாகத் தெரியும்.
• மார்பு: பெஞ்ச் பிரஸ் பயிற்சியில் கம்பியை மார்பை நோக்கி இறக்கும்போது மார்பின் பெரிய தசை அறுபடலாம். அக்குளின் முன்மடிப்பு மெலிந்தோ மறைந்தோ காணப்படும். மேற்கையில் இரத்தக்கட்டு பரவும்.

இவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்வது எளிது. நாள் கடந்தால் தசைநாண் சுருங்கி ஒட்டிக்கொள்வதால் அதனைப் பழைய இடத்தில் பொருத்துவது கடினமாகும். அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை வயது, பணி, காயத்தின் தன்மை ஆகியவற்றைக் கருதி மருத்துவர் முடிவு செய்வார். அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனை இதற்கு உதவும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• சிறுநீர் தேநீர் அல்லது கோலா நிறத்தில் வெளியேறுதல், அத்துடன் கடும் தசைவலி, வீக்கம். சிதைந்த தசையின் பொருள்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.
• கை அல்லது கால் இறுகி, வலி நிமிடத்துக்கு நிமிடம் கூடுதல், விரல்கள் மரத்துப்போதல்.
• வலியின்றித் திடீரெனத் தசை செயலிழத்தல், அல்லது கழுத்திலிருந்தோ முதுகிலிருந்தோ கைகால்களுக்குப் பரவும் வலியுடன் வலிமை குறைதல். இவை நரம்புப் பாதிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம்.
• காயத்தின்போது அறுபடும் ஓசை கேட்டிருத்தல், தசையில் பள்ளம் அல்லது திரட்சி தோன்றுதல். வலி குறைவாக இருப்பினும் ஓரிரு நாள்களுக்குள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள்கள்

பயிற்சியை உடனே நிறுத்துங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் வரை வைக்கலாம். மிதமான இறுக்கத்துடன் கட்டுப் போட்டு, காயமுற்ற பகுதியை உயர்த்தி வையுங்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடுதல், சுளுக்கு எடுத்தல், வெந்நீர் ஒத்தடம், மது ஆகியவற்றைத் தவிருங்கள். இவை இரத்தக்கசிவை அதிகரிக்கலாம். சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளோரும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாமல் வலி நிவாரணி உட்கொள்ளக் கூடாது.

வலிமையை மீட்டெடுத்தல்

முழு முறிவு இல்லை என உறுதியான பின், இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலில் பயிற்சியைத் தொடங்கலாம்.

1. மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் மெல்ல இறுக்கித் தளர்த்துதல்.
2. மிகக் குறைந்த பளுவுடன், வலி தராத அளவுக்கு மூட்டை அசைத்தல்.
3. பளுவை மெதுவாக இறக்கும் பயிற்சி, பின் படிப்படியாக எடையைக் கூட்டுதல்.

பயிற்சியின்போது தோன்றும் சிறு வலி மறுநாளுக்குள் தணிந்துவிட்டால் தொடரலாம். வலியோ வீக்கமோ கூடினால் முந்தைய நிலைக்குத் திரும்புங்கள். வலி நிவாரணியை விழுங்கிவிட்டுப் பயிற்சி செய்யாதீர்கள். காயமுற்ற பக்கம் மறுபக்கத்தின் வலிமையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிய பின்னரே பழைய எடைக்குத் திரும்புவது நல்லது. முன்னரே திரும்பினால் அதே இடம் மீண்டும் கிழியும் வாய்ப்பு மிகுதி.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் ஸ்டீராய்டு மருந்துகளும் தசைநாண் அறுபடும் வாய்ப்பைக் கூட்டக்கூடும். தசை வளர்ச்சிக்காக ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் மறைக்காமல் கூறுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

வலிமை குறைந்தவர் சோர்வும் அச்சமும் கொள்ளலாம். அவசரப்பட்டுப் பளு தூக்கவும் முனையலாம். நாள்தோறும் இரு கைகளையும் அல்லது இரு கால்களையும் ஒப்பிட்டு, எந்தச் செயல் இயலவில்லை எனக் குறித்து வையுங்கள். வலி குறைந்த பின்னும் அச்செயல் இயலாமல் இருந்தால், காத்திராமல் எலும்பு மூட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது அறிதலுக்கானவை. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகா.