கட்டிலா, கோலா? மூன்று எழுத்துக்குள் ஒரு முதியவர்

இன்னைக்கு ஒரு சின்னப் புதிரோட ஆரம்பிக்கலாம். பரவலாகப் புழங்கும் பழைய தமிழ் பைபிள் வீட்டில் இருந்தா, ரெண்டு இடத்தைப் புரட்டிப் பாருங்க. ஆதியாகமம் 47:31ல் யாக்கோபு கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்து தொழுகிறார். எபிரெயர் 11:21ல் அதே யாக்கோபு கோலின் முனையில் சாய்ந்து தொழுகிறார். கட்டில் எப்படிக் கோல் ஆச்சு?

விடை எழுத்துமுறையில் இருக்கு. பழைய எபிரேயத்தில் பெரும்பாலும் மெய்யெழுத்துகளை மட்டும்தான் எழுதுவாங்க. உயிர் ஒலியை வாசிப்பவர்தான் சேர்க்க வேண்டும். தமிழில் க், ல் என்று மட்டும் எழுதினால் எப்படி இருக்கும்? கல்லா, காலா, கோலா? முன்பின் பார்த்துத்தான் சொல்ல முடியும், இல்லையா? இந்த வசனத்தில் இருப்பது மேம், தேத், ஹே என்ற மூன்று எழுத்துகள். 'மித்தா' என்று வாசித்தால் கட்டில். 'மத்தே' என்று வாசித்தால் கோல்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில், யூத அறிஞர்கள் ஆதியாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த சுருளில் உயிர்க்குறிகள் கிடையாது. அவர்கள் 'ராப்தோஸ்', அதாவது கோல் என்று எழுதினார்கள். எபிரேயத்துக்கு உயிர்க்குறிகள் போட்டவர்கள் மசோரெத்துகள் என்ற அறிஞர்கள். காலம் ஏறத்தாழ கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை. தலைமுறைகளாக வாய்வழி வந்த வாசிப்பை அவர்கள் பதிவு செய்தார்கள். அதில் கட்டில்.

அப்போ கிரேக்கக்காரர் அவசரத்தில் தப்பா வாசிச்சிட்டாரா? அப்படிச் சொல்லிவிட முடியாது. இரண்டே வசனம் தள்ளி, 48:2ல், அதே மூன்று எழுத்து திரும்ப வருது. அங்கே கிரேக்கத்திலும் கட்டில்தான்! நடுவில் என்ன நடந்தது? 48:1ல்தான் யாக்கோபுக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி யோசேப்புக்கு வருகிறது. அதுக்கு முன்னாடி நோயைப் பற்றிப் பேச்சே இல்லை. நோயாளிக்குக் கட்டில், நடமாடும் கிழவருக்குக் கோல் என்று வாசிக்கக் கதையிலேயே இடம் இருக்கு.

அந்தக் காட்சியையும் நினைத்துப் பாருங்க. பஞ்சத்தால் எகிப்துக்கு வந்தவர், 17 வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். 'என்னை இங்கே புதைக்காதே, என் பிதாக்களோடு அடக்கம் பண்ணு' என்று மகனிடம் சத்தியம் வாங்குகிறார். வாங்கியதும் தொழுகிறார். கட்டில் என்றால், கடைசி ஆசையைச் சொல்லி நிம்மதியாகச் சாயும் ஒரு முதியவர். கோல் என்றால், மனசளவில் இன்னும் ஊருக்குக் கிளம்பக் காத்திருக்கும் ஒரு பயணி.

இதே யாக்கோபு 32ஆம் அதிகாரத்தில், வெறும் கோலோடு யோர்தானைக் கடந்த நாளை நினைவுகூர்கிறார். எபிரேயத்தில் அங்கே வேறு சொல். கிரேக்கத்தில் அங்கேயும் ராப்தோஸ். ஆகவே கிரேக்கத்தில் வாசித்தவர்களுக்கு இளமையில் பிடித்த கோலும் முதுமையில் சாய்ந்த கோலும் ஒரே சொல்லாகக் கேட்டிருக்கும். எபிரேயத்தில் அந்த எதிரொலி இல்லை.

எபிரெயர் நிருபத்துக்குப் பெயர்தான் எபிரெயர். எழுதப்பட்டது கிரேக்கத்தில், அதன் ஆசிரியர் எடுத்தாண்டதும் கிரேக்க பைபிளை. அதனால் அங்கே கோல் நின்றுவிட்டது. தமிழ் பைபிளில் பழைய ஏற்பாடு எபிரேய வாசிப்பைப் பின்பற்றியது, புதிய ஏற்பாடு கிரேக்கத்தைப் பின்பற்றியது. ரெண்டு பக்கமும் தன் மூலத்துக்கு உண்மையாக இருந்ததால்தான் இந்த முரண் அழியாமல் நம்ம கைக்கு வந்திருக்கு.