தொலைந்த கணையாழியும் தேடுங் கருவியும்

ஆழி என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. கடலும் ஆழி, சக்கரமும் ஆழி, விரலில் அணியும் மோதிரமும் ஆழி. கடலில் நீராடிக் கரையேறியபின் வெறும் விரலைத் தடவிப் பார்த்துத் திகைத்து நிற்பவருக்கு இவ்வொற்றுமை சற்றும் இனிப்பதன்று. அத்தகையோர்க்கு உதவும் பொருட்டு, நீண்ட கோலின் நுனியில் வட்டத்தட்டும் காதிலே கேட்பொறியுமாகக் கடற்கரைகளில் உலவும் அன்பர்கள் இன்று பல நாடுகளில் உள்ளனர். மெட்டல் டிடெக்டர் என வழங்கும் உலோகங் காணுங் கருவியே அவர்தம் துணை. சிலர் கூலி பெறுகின்றனர். சிலர் மனமுவந்து கொடுப்பதைப் பெறுகின்றனர். ஒன்றும் பெறாதாரும் உளர். இக்கருவி வந்த வரலாறும், கண்டெடுத்த மோதிரம் யாருக்குரியது என்று மக்கள் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கும் ஆசிரியப் பெருமக்கள் அறிந்து வைக்கத்தக்கன.

கருவி இல்லாத காலத்தில் மீன்தான் மோதிரத்தைக் கண்டுபிடித்தது. காளிதாசரின் சாகுந்தலத்தில் நீரிலே நழுவிய கணையாழி மீன் வயிற்றிலிருந்து வெளிப்படுவதை நாமெல்லாம் அறிவோம். மறைமலையடிகள் 1907-இல் அந்நாடகத்தைத் தமிழிற் பெயர்த்தார். கிரேக்கத்தில் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் சாமோசுத் தீவை ஆண்ட பொலிகிராத்தீசு என்பான், தன் நல்லூழ் அளவு கடந்து போவது ஆபத்து என எகிப்திய மன்னன் எச்சரிக்க, தான் பெரிதும் விரும்பிய மோதிரத்தைக் கடலில் எறிந்தான் என்றும், சில நாளில் அது மீன் வழியாகவே அவனிடம் மீண்டது என்றும் எரோதோத்தசு எழுதிவைத்தார். ஒரு கதை மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று முடிவு கட்டுதல் அவசரமாகும். மீனவரும் மோதிரமும் உள்ள இடமெல்லாம் இத்தகைய கதை தானே தோன்றக்கூடும்.

காளிதாசர் காட்டும் மீனவனைப் பலரும் கவனிப்பதில்லை. மோதிரத்தை விற்கக் கொண்டுவந்தவனைக் காவலர் கள்வன் என்று கட்டி இழுத்துச் செல்கின்றனர். அரசன் உண்மையறிந்து மோதிரத்தின் விலையளவு பொருளை அவனுக்கு அளிக்கின்றான். அதுகாறும் அவனை அடித்துத் துன்புறுத்திய காவலர் அப்பொருளைப் பொறாமையோடு நோக்க, அவன் பாதியை அவர்களுக்கே கொடுத்து விடுகின்றான்! கண்டெடுத்தவன் கள்வனாகக் கருதப்படுதலும், பின் அவன் பங்கிற்குப் பிறர் கை நீட்டுதலும் அன்றே இருந்தன என்பது வெளிப்படை.

பாதிப் பங்கு என்னும் இச்செய்தி, இங்கிலாந்தில் கிடைத்த ஓர் உண்மைச் சான்றிலும் வருகின்றது. அந்நாடு உரோமராட்சியில் இருந்த காலம். செவர்ன் ஆற்றின் கழிமுகத்தை நோக்கி நிற்கும் லிட்னி என்னும் குன்றின் மேல் நோடென்சு என்ற தெய்வத்திற்குக் கோயில் ஒன்று எழுந்திருந்தது. நோயாளிகள் அங்கே வந்து தங்கி நலம் வேண்டினர். அங்கு வந்த சில்வியானுசு என்பவர் தம் மோதிரத்தை இழந்தார். காவலரிடம் சென்றாரோ இல்லையோ, தெய்வத்திடம் முறையிட்டார். மெல்லிய ஈயத்தகட்டில் அவர் கீறிவைத்த விண்ணப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்தது. மோதிரத்தின் மதிப்பிற் பாதியை நோடென்சுக்குக் காணிக்கையாக்கியதாகவும், செனிசியானுசு என்னும் பெயருடையார் அதனைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வரை அவர்களுக்கு உடல்நலம் அருளலாகாது என்றும் அதில் கண்டிருக்கின்றது. முறையீடு புதுப்பிக்கப்பட்டது என்னும் பொருள்படும் ஒரு சொல்லும் உண்டு. ஆகவே முதல் முறையீட்டால் மோதிரம் திரும்பவில்லை போலும்!

இத்தகடு கிடைப்பதற்கு முன்பே, 1785-இல், லிட்னிக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சில்செஸ்டர் என்னும் பழைய உரோம நகரின் அருகில் வயலொன்றில் பொன் மோதிரம் ஒன்று கிடைத்திருந்தது. அது பன்னிரண்டு கிராம் அளவு எடையுள்ளது, கட்டைவிரலுக்கும் பெரிது. பட்டை தீட்டிய வளையத்தின் முகப்பில் வீனசு தெய்வத்தின் தலை. வளையத்தைச் சுற்றி, செனிசியானுசே, நீ இறைவனில் வாழ்க என்னுங் கருத்தில் இலத்தீன் எழுத்துக்கள் பிழையோடு வெட்டப்பட்டுள்ளன. இவ்வாழ்த்து கிறித்தவர் வழக்கு. வீனசு தலை பொறித்த பழைய மோதிரத்தைக் கைக்கொண்ட ஒருவன் அதில் தன் பெயரையும் தன் சமய வாழ்த்தையும் பின்னர் வெட்டுவித்தான் என்று கொண்டால், தகடும் மோதிரமும் தாமே பொருந்திவிடுகின்றன.

மார்ட்டிமர் வீலர் லிட்னிக் கோயிலை 1928, 1929 ஆண்டுகளில் அகழ்ந்தார். நோடென்சு என்னும் பெயரை ஆராயுமாறு ஆக்சுபோர்டுப் பேராசிரியர் டோல்கியனை அவர் வேண்ட, 1932-இல் வெளிவந்த அகழாய்வு அறிக்கையில் அவ்வாராய்ச்சியும் இடம்பெற்றது. மோதிரத்தை மையமாக வைத்துப் பின்னாளில் பெருங்கதை எழுதிய அதே டோல்கியன்தான். இதனால்தான் அக்கதை பிறந்தது என்று சிலர் சொல்வர். அதற்குத் திண்ணிய சான்று இல்லை. செனிசியானுசு என்ற பெயரும் அந்நாட்டில் ஒருவருக்கே உரியதன்று. ஒரு பெயர் ஈரிடத்தில் வருவது கொண்டு ஒருவனைக் கள்வனென்று தீர்ப்பளிக்கும் துணிவு எமக்கில்லை. வீலர் 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்து, உரோமரோடு தமிழகம் நடத்திய வாணிகத்தை உலகறியச் செய்தவர் என்பதை நம் வாசகர் நினைவுகூர்வர்.

தெய்வத்திடம் சென்ற வழக்கு பின்னர் நீதிமன்றத்திற்கு வந்தது. 1722-இல் இலண்டனில் புகைபோக்கி துடைக்கும் ஏழைச் சிறுவன் ஒருவன் கல் பதித்த அணி ஒன்றைக் கண்டெடுத்தான். அதை மதிப்பறியப் புகழ்பெற்ற பொற்கொல்லரான பால் டி லாமெரியின் கடைக்குக் கொண்டுபோனான். கடையில் வேலை பயின்ற ஆள், நிறுத்துப் பார்ப்பவன்போல் கற்களை எடுத்துக்கொண்டான். அணிக்கு ஒன்றரைப் பென்னி என்று கணக்குச் சொல்லப்பட்டது. சிறுவன் காசை வேண்டாமென்று அணியைத் திருப்பிக் கேட்க, கல்லில்லாக் கூடு கைக்கு வந்தது. வழக்கைக் கேட்ட தலைமை நீதிபதி பிராட், கண்டெடுத்தவனுக்கு உண்மை உடையவன் ஒருவனைத் தவிர மற்றெல்லார்க்கும் எதிராக உரிமையுண்டு என்றார். கற்களைக் கொண்டுவந்து காட்டாவிடில், அக்கூட்டிற் பொருந்தக்கூடிய மிகச் சிறந்த கல்லின் விலையைக் கணக்கிடுமாறும் பணித்தார். எழுத்தறிவும் பணமும் இல்லாத ஒரு சிறுவன் பேரில் இன்றளவும் சட்டமாணவர் படிக்கும் நெறி ஒன்று நிலைபெற்றது.

ஆயினும் 1896-இல் வேறொரு வழக்கு வேறுவிதமாக முடிந்தது. லிச்பீல்டு நகரில் குளமொன்றைத் தூர்வாரிய தொழிலாளர் சேற்றில் இரண்டு பொன் மோதிரங்களைக் கண்டனர். உடையவர் எவரென்று காவலர் தேடியும் தெரியவில்லை. கண்டெடுத்த ஷார்மனுக்கா, குளத்தையுடைய தண்ணீர்க் கம்பெனிக்கா என்ற வினாவில் கம்பெனியே வென்றது. தரையில் பதிந்து கிடப்பதற்கு நிலமுடையவனே உரியவன் என்பது அதன் கருத்து. சேற்றிலிறங்கிய கூலியாளுக்கு ஒன்றும் இல்லாமற்போனது எமக்கு இன்னும் உறுத்துகின்றது. ஆனால் அடுத்தவர் நிலத்தில் கருவியோடு இறங்குவோர் முதலில் இசைவு பெறவேண்டும் என்ற நெறிக்கு இத்தீர்ப்பு அரணாயிற்று.

நம் நாட்டிற்கு நேரே தொடர்புடையது 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். மெக்காலே வரைந்த அடிப்படையில் எழுந்த அச்சட்டத்தைப் பின்பற்றியே நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் 1871-இல் இயற்றப்பட்டது. மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்கள் அதன் வழிவந்தன. 403-ஆம் பிரிவு பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்குவதைப் பற்றியது. அவ்விந்தியச் சட்டம், 2024-இல் நீக்கப்படும் வரை, அப்பிரிவுக்குத் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று மோதிரமே. விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்தவன், உடையவர் யாரென்று தேட முயலாமல் உடனே விற்றால் குற்றவாளியாவான். உடையவரிடம் சேர்ப்பிக்கும் எண்ணத்தோடு எடுத்துவைப்பவன் குற்றவாளி அல்லன். "கண்டது எனக்கு" என்று பள்ளித் திடலில் கூவும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

இனிக் கருவியைப் பார்ப்போம். 1879-இல் டேவிட் இயூசு என்பார் மின்தூண்டல் தராசு ஒன்றைச் செய்தார். 1881 சூலை 2-ஆம் நாள் அமெரிக்கத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். உடலுள் தங்கிய குண்டு எங்கே என்று மருத்துவர்க்குத் தெரியவில்லை. தொலைபேசி கண்ட கிரகாம் பெல், இயூசின் கருவியைத் திருத்தி, தொலைபேசியின் காதுக்குழாயைப் பூட்டி, நோயாளியின் உடல்மேல் நகர்த்திக் கேட்டார். பயன் விளையவில்லை. படுக்கையிலிருந்த எஃகு வில்கள் குழப்பின என்பர்; தலைமை மருத்துவர் குண்டு வலப்பக்கமே உள்ளதென நம்பி அப்பக்கத்தையே தேடவிட்டார் என்பது மற்றொரு காரணம். அது இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19-இல் கார்பீல்டு மாண்டார். கருவி நன்றே; தேடிய இடம் தவறு. இன்று மோதிரம் தேடுவோர், எங்கே நின்றீர், எப்பக்கம் கையை உதறினீர் என்று உடையவரை நெடுநேரம் கேட்டபின்பே கருவியைத் தொடுவதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

செருமனியிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய கெர்ஹார்டு பிசர், வானொலி கொண்டு விமானத்திற்குத் திசை காட்டும் ஆய்வில், உலோகம் அருகிருந்தால் அளவு பிழைபடுவதைக் கண்டு, அப்பிழையையே பயனாக்கினார். 1937-இல் அவருக்கு உரிமம் கிடைத்தது. பின்னர் இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு அதிகாரி யோசெப் கொசாட்ஸ்கி, ஸ்காட்லாந்தில் இருந்தபோது, ஒருவரே தூக்கிச் செல்லத்தக்க கண்ணிவெடி காணுங் கருவியை அமைத்தார். உரிமம் பெறாமல் பிரித்தானியப் படைக்கு அதனை வழங்கினார். 1942-இல் எல் அலமேன் பாலைநிலத்தில் அது படைக்கு வழி திறந்தது. போர் முடிந்தபின் எஞ்சிய கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்து, புதையல் தேடுவோர்க்கும் பயன்பட்டன.

கருவியின் தட்டிலுள்ள கம்பிச்சுருள் மாறுகின்ற காந்தப்புலத்தை நிலத்துள் செலுத்துகின்றது. அங்குள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து தனக்கென ஒரு காந்தப்புலத்தைத் திருப்பியனுப்ப, கருவி அதை ஒலியாக்குகின்றது. மோதிரம் முழு வளையமாதலால் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றும். உடைந்த மோதிரமோ, பொன் குறையாதிருந்தும், மிக மெல்லிய ஒலியே தரும். எலிகு தாம்சன் 1887 அளவில் காட்டிய துள்ளும் வளையச் சோதனையில் இதை மாணவர் கண்ணாற் காணலாம்: மாறுமின்னோட்டச் சுருள்மேல் வைத்த முழு வளையம் துள்ளியெழும், பிளந்த வளையம் அசையாது கிடக்கும். ஆய்வுக்கூடமுள்ள பள்ளி ஆசிரியர் தக்க காப்போடு செய்துகாட்டலாம்.

கடற்கரையில் தொல்லைகள் மிகுதி. உப்புநீர் மின்கடத்தி, ஈரமணலே பொய்யொலி எழுப்பும். துடிப்பு முறையில் இயங்கும் கருவிகள் அங்கே ஏற்றவை. தகரக் குவளைப் பானங்களின் அலுமினிய இழுப்பு வளையம் பொன் மோதிரத்தைப் போலவே ஒலிப்பதால், குப்பையென்று ஒதுக்குபவன் மோதிரத்தையும் ஒதுக்கிவிடுவான். பொன் நீரைப்போல் பத்தொன்பது மடங்கு கனமுள்ளது. அலை அளையும் மணலில் விரைந்து கீழிறங்கும். சாணளவு ஆழத்திற்குமேல் சென்றால் பல கருவிகளுக்கு அது எட்டுவது அரிது. ஆகவே இழந்தவர் செய்யவேண்டியது, கலைந்தோடித் தோண்டாமல் அவ்விடத்தை அடையாளமிட்டுக் கொள்வதே. தேடுபவர் கயிறு கட்டி, ஒரு வரிசை மற்றொன்றின்மேல் சற்றே படியும்படி நடப்பர்.

இவ்வளவு நலஞ்செய்யுங் கருவியே பழைமைக்குப் பகையாவதும் உண்டு. நேற்று வீழ்ந்த மோதிரத்திற்கு உடையவர் இருக்கின்றார். ஆயிரமாண்டு கிடந்ததற்கு அது கிடந்த மண்ணடுக்கே சாட்சி. எடுத்தவுடன் அச்சாட்சி அழிகின்றது. இங்கிலாந்தில் 1979-ஆம் ஆண்டுச் சட்டம், காக்கப்பட்ட தொல்லிடங்களில் இசைவின்றி இக்கருவியைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. 1996-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி முந்நூறாண்டுக்கு மேற்பட்ட பொன் மோதிரத்தைக் கண்டவர் அரசுக்கு அறிவிக்கவேண்டும்; அருங்காட்சியகம் ஏற்றால் தக்க பரிசு உண்டு. 2009-இல் யார்க்கு நகரையடுத்த எசுகிரிக்கில் கருவியால் கிடைத்த நீலக்கல் மோதிரம் இவ்வகையிலேயே யார்க்சயர் அருங்காட்சியகத்தை அடைந்தது. மலேசியாவில் இத்தகைய தொல்பொருள்களை 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் காக்கின்றது.

கருவூரில் அமராவதி ஆற்று மணலை அரித்தவர் கைகளுக்குப் பழங்காசுகளோடு தமிழி எழுத்தில் ஆட்பெயர் பொறித்த முத்திரை மோதிரங்களும் கிடைத்தன. அவை சங்ககால எழுத்துக்கு அரிய சான்றுகள். ஆயினும் அகழாய்வில் அன்றி ஆற்றுமணலில் கிடைத்தமையின், அவற்றின் காலத்தை எழுத்தின் வடிவு கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது. தாய்லாந்தின் குளோங்தோமில் கிடைத்த 'பெரும்பதன் கல்' என்னும் தமிழ்ப் பெயர் பொறித்த பொன்னுரைகல், மோதிரமன்று எனினும், இத்தீபகற்பத்தில் நம் பொற்கொல்லர் நடமாடியதைக் கூறும் கல். இவ்விடங்களில் கருவியோடு நுழைந்து காசாக்குவோர் அழிப்பது அவர்கள் விற்கும் பொன்னினும் பெரிது.

செனிசியானுசின் மோதிரம் ஆம்ப்சயரிலுள்ள வைன் மாளிகையில் இருக்கின்றது. 2013 முதல் அதற்கெனத் தனிக் காட்சி அமைந்துள்ளது. சில்வியானுசின் ஈயத்தகடு லிட்னியில் இருக்கின்றது. நோடென்சுக்கு நேர்ந்த பாதி இன்னும் செலுத்தப்படவில்லை.