தாய்ப்பிரிவும் பிற்கால உறவும்: ஜான் பௌல்பியின் ஆய்வுகளில் ஒரு கருத்துத் திருத்தம் (1944 – 1956)

முன்னுரை

இளங்குழந்தைப் பருவத்தில் தாயோடு அமையும் பிணைப்பே பிற்கால உறவுகளுக்கு அடித்தளம் என்னும் கருத்து உளவியல் நூல்களில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. பிணைப்புக் கோட்பாட்டை வகுத்த ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி (1907 – 1990) இக்கருத்தின் தொடக்க வடிவத்தைத் தாமே மட்டுப்படுத்தினார் என்பது அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. அத்திருத்தம் நிகழ்ந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னோக்கிய ஆய்வு

இலண்டன் குழந்தை வழிகாட்டு மையத்திற்கு அழைத்துவரப்பெற்ற, திருட்டுப் பழக்கமுடைய 44 சிறாரைப் பற்றிய பௌல்பியின் கட்டுரை 1944இல் வெளிவந்தது. அவர்களுள் 14 பேரை 'அன்புணர்வற்றோர்' என அவர் வகைப்படுத்தினார். அப்பதினால்வருள் 12 பேர் இளம்பருவத்தில் தாயை நெடுங்காலம் பிரிந்திருந்தனர். எஞ்சிய 30 பேரில் 5 பேரும், திருட்டுப் பழக்கமில்லாத 44 ஒப்பீட்டுச் சிறாரில் 2 பேருமே அத்தகைய பிரிவுக்கு உள்ளாகியிருந்தனர்.

இவ்வேறுபாடு பெரிதெனினும், ஆய்வு விளைவிலிருந்து தொடங்கிக் காரணத்தைத் தேடியது. தாயைப் பிரிந்தும் இயல்பாக வளர்ந்த குழந்தைகள் மருத்துவ மையத்திற்கு வருவதில்லை. ஆதலின் அவர்கள் கணக்கில் இடம்பெறவும் வாய்ப்பில்லை. எனினும், உலக நலவாழ்வு நிறுவனத்திற்காகப் பௌல்பி எழுதிய 1951ஆம் ஆண்டு அறிக்கை தாய்ப்பிரிவின் தீங்கை உறுதிபட வலியுறுத்தியது.

முன்னோக்கிய ஆய்வு

1956இல் பௌல்பி, மேரி எயின்ஸ்வொர்த் முதலியோர் இணைந்து வெளியிட்ட ஆய்வு பிரிவிலிருந்து தொடங்கியது. நான்கு வயதிற்குமுன் காசநோய் மருத்துவமனையில் தங்கியிருந்த 60 குழந்தைகளின் பள்ளிப்பருவ நிலை அவர்களுடைய வகுப்புத் தோழர்களோடு ஒப்பிடப்பட்டது. ஒதுங்கியிருத்தல், கவனக்குறைவு போன்ற சில இயல்புகள் அவர்களிடம் மிகுந்து காணப்பட்டன. ஆயினும், எதிர்பார்க்கப்பட்ட அன்புணர்வற்ற ஆளுமை பெரும்பாலோரிடம் இல்லை. குழந்தைக்குக் குழந்தை விளைவு வேறுபட்டது. பிரிவுக்கு உள்ளானோர் பொதுவாக அத்தகைய ஆளுமையைப் பெறுவர் என்னும் கூற்று பிழையானது என ஆய்வாளர்கள் வெளிப்படையாக ஏற்றனர்.

திருத்தத்தின் விளைவு

தாய்ப்பிரிவு தீங்கற்றது என்பது இதன் பொருளன்று. பிரிவு நேர்ந்ததா என்னும் வினாவோடு, உறவு எத்தன்மையது என்னும் வினாவும் முதன்மை பெற்றது. எயின்ஸ்வொர்த் 1954 முதல் உகாண்டாவிலும் பின்னர் பால்டிமோரிலும் தாய் – சேய் உறவை நேரில் நோக்கி ஆராய்ந்தார். 1970களில் தொடங்கிய மின்னசோட்டா நெடுங்கால ஆய்வு, பிறப்பு முதல் வளர்ந்த பருவம்வரை தொடர்ந்து, தொடக்கப் பிணைப்பின் தாக்கத்தையும் பிற்கால அனுபவங்கள் அதனை மாற்றும் ஆற்றலையும் ஒருங்கே காட்டியது.

முடிவுரை

1944இன் கணக்கை மட்டும் கொள்வோர் தாயைப் பிரிந்த குழந்தையின் எதிர்காலத்தை முன்பே தீர்மானித்துவிடுவர். பழியைத் தாயின்மீது சுமத்துவதும் எளிதாகும். 1956இன் ஆய்வு அம்முடிவிற்கு இடமளிக்கவில்லை. இளம்பருவப் பிணைப்பு பிற்கால உறவுகளின் சாய்வைக் காட்டுமேயன்றி முடிவை உறுதிசெய்வதில்லை என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.